ஆறு வாரம் ஆடிய அணியின் கடைசி இருவர்

டோலன் துரையின் நாடியை நாளுக்கு மூன்று வேளை பிடித்துப் பார்ப்பது என் வேலை. அந்த வேலைதான் என்னைக் கடல் தாண்டிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனது. நான் யாழ்ப்பாணத்துக்காரி, கொழும்பில் பதினாறு வருஷமாகத் தாதி. அவர் அமெரிக்கர், எழுபதைத் தாண்டியவர். ரப்பர் வியாபாரத்துக்காகக் கொழும்புக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். மனைவி மக்கள் இல்லை. இருதயம் பலவீனம், மாடிப்படி ஏறினாலே உதடு நீலம் பாரித்துவிடும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் ஒரு மிஷன் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், நான் தென்னிந்தியாவுக்குப் போகவேண்டும். நீங்களும் வரவேண்டும்" என்றார். பத்திரிகையில் ஒரு படம் இருந்தது. ஓலைக்கூரை மருந்துச்சாலை, அதன் முன்னால் ஒல்லியான வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர். கோபிசெட்டிபாளையத்துக்கு அப்பால் ஒரு கிராமம், பெயர் ரீவ்ஸ் என்று அடியில் போட்டிருந்தது.

"இவனும் நானும் ஒரே அணியில் பந்தாடினோம். அந்த அணியில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான்" என்றார்.

ரயிலில் அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு விளக்கினார். பேஸ்பால் என்று பெயர். ஒருவன் பந்தை எறிய, மற்றவன் தடியால் அடித்துவிட்டு ஓடவேண்டும். எங்கள் நாட்டில் சிங்களக் கிராமங்களில் ஆடும் எல்லேயைச் சொன்னேன். கிட்டத்தட்ட அதுதான் என்று சந்தோஷப்பட்டார். போன நூற்றாண்டின் எண்பதுகளில், அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊரில், ஒரு பருத்தி வியாபாரி பெருமைக்காக ஆரம்பித்த அணி. பன்னிரண்டு ஆட்கள். நீலக் காலுறை. டோலன்தான் தலைவர், அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. பந்து பிடிக்கிறவர் ரீவ்ஸ். லூயி என்று ஒருவன், அவனைப் போல ஓடுகிறவனைப் பிறகு பார்த்ததே இல்லையாம். பெரிய ஊர் அணிகள் எதிலும் இடம் கிடைக்காதவர்கள் எல்லோரும். ஆறே வாரம் ஆடினார்கள்.

"பிறகு?"

"பிறகு அணி கலைந்துவிட்டது" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேளையாகிவிட்டதென்று நாடியைப் பிடித்தேன். ஓடுகிறவனின் நாடி போல அடித்துக்கொண்டிருந்தது. அப்போதே எனக்கு மனதில் ஏதோ சரியில்லை என்று பட்டது.

கோயமுத்தூரில் இறங்கியபோது தை மாதத்துக் காற்று பல்லைக் கிட்டவைத்தது. எங்கள் ஊரில் தை மாதம் இப்படிக் குளிராது. ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்கா வண்டிக் குதிரைகள் மூக்கால் புகை விட்டுக்கொண்டு நின்றன. தெருவில் மின்சார விளக்கு, வானத்தில் ஆலைப் புகைக்கூண்டு. ஆலைச் சங்கு ஊதியதும் ஆணும் பெண்ணும் கூட்டமாக ஓடினார்கள். ஹோட்டலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மலையிலிருந்து குழாயில் வருகிறதாம். உவர்த் தண்ணீரில் வளர்ந்த எனக்கு அது சர்பத் மாதிரி இருந்தது. சாப்பாட்டுக்கு அரிசியையும் பருப்பையும் ஒரே பானையில் பொங்கி, மேலே நெய் ஊற்றிக் கொடுத்தார்கள். தேங்காய்ப்பால் விடாத கறியை நம்பாதவள் நான். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று மாலை டோலன் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. கொழும்பிலிருந்து இவர் எழுதியதற்கு ரீவ்ஸின் பதில். படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"என்ன எழுதியிருக்கிறார்?"

"வா என்று எழுதியிருக்கிறான்."

மறுநாள் காலை கோபி பஸ். இருபது பேர் ஏறவேண்டிய வண்டியில் முப்பது பேரும் மூன்று சேவலும். டிரைவர் பழனிச்சாமி எங்களுக்கு முன்வரிசையை ஒழித்துக் கொடுத்து, "இடம் போதுமுங்களா அம்மணி?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி பேரைச் சொல்லி ஏறியிருக்கீங்க. வண்டி ஒழுங்கா போயிச் சேர்ந்துருமுங்க" என்றார். நான் கிறிஸ்தவச்சி என்பதைச் சொல்லவில்லை.

வண்டி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஒரு மணி நேரத்தில் டயர் வெடித்தது. மாற்று டயரும் கிழிந்திருந்தது. பழனிச்சாமி பக்கத்துக் களத்திலிருந்து வைக்கோல் வாங்கிவந்து டயருக்குள் திணித்தார். அது முடிகிற வரையில் எல்லோரும் வேலமரத்தடியில் நின்றோம். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தூர்லயும் எலி உழுந்துருச்சாமா."

"அய்யோ. அப்ப சனமெல்லாம்?"

"ஊட்டைப் பூட்டிப்போட்டுக் காட்டுக்குப் போயிருச்சாமா."

எலி விழுவதற்கு ஏன் ஊரே வீட்டைப் பூட்டவேண்டும் என்று அரை நிமிஷம் யோசித்தேன். அடுத்த அரை நிமிஷத்தில் புரிந்தது. கூரையிலிருந்து எலி தானாகச் செத்து விழுகிறதென்றால் அதன் பெயர் பிளேக். நான் பயிற்சியில் இருந்தபோது கொழும்புத் துறைமுகப் பக்கத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். காலையில் பேசியவன் மூன்றாம் நாள் பெட்டிக்குள் இருந்தான். எந்த ஊர் என்று அந்தப் பெண்களிடம் கேட்க வாய் வரவில்லை.

கோபிக்குக் கொஞ்சம் முன்னால், வாழைத் தோட்டங்களும் நெல்வயலும் தொடங்குகிற இடத்தில், ரோட்டின் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். டோலனுக்குத் தமிழ் தெரியாது. கிராமத்தின் பெயரும் வாயில் வராது. விலாசத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. கை பின்வாங்கப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் வாங்கிவிட்டார்.

அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, இங்க எலி உழுகுது, ஆளுக சாவறாங்க, இப்ப வராதேன்னு எழுதியிருக்குதுங்களே. அப்பறமும் போறீங்களா?"

நான் டோலனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அவரைப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், "ஏன் பொய் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். ஒரு நோயாளியிடம் நான் அப்படிக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"சொல்லியிருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். தனியாக வர எனக்குப் பயம்" என்றார். பிறகு, அணி எப்படிக் கலைந்தது என்பதைச் சொன்னார்.

அந்தக் கோடையில் பக்கத்து ஊர்களில் மஞ்சள் காய்ச்சல் என்ற கொள்ளைநோய் பரவியது. ஆட்டங்கள் நின்றன. அணி ரயிலேறி வடக்கே கிளம்பியது. வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள், ஒருவரும் இறங்கக்கூடாது. இரண்டாம் நாள் லூயிக்குத் தலைவலியும் காய்ச்சலும் கண்டது. பெட்டியில் இருந்த மற்றப் பிரயாணிகள் கத்த ஆரம்பித்தார்கள். அவனை இறக்காவிட்டால் பன்னிரண்டு பேரையும் தள்ளிவிடுவோம் என்றார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்ற ஒரு பொட்டல் காட்டில், தலைவர் டோலன் அவன் தோளில் கைபோட்டுக் கீழே இறக்கினார். "கொட்டகையில் டாக்டர் இருக்கிறார், பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் வா" என்றார். கொட்டகையில் ஒருவரும் இல்லை. வண்டி நகர்ந்தபோது ரீவ்ஸ் மட்டும் தன் பையை வெளியே எறிந்துவிட்டுக் குதித்தார். டோலன் குதிக்கவில்லை.

"லூயி எத்தனை நாள் கிடந்து செத்தான், என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியவேண்டும். தெரிந்துகொள்ளவும் பயம். தெரியாமல் சாகவும் பயம்" என்றார்.

அந்த இடத்திலேயே நான் திரும்பியிருக்கலாம். ஏன் திரும்பவில்லை என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவரைத் தனியே அனுப்பினால் வழியிலேயே விழுந்துவிடுவார் என்பது ஒரு காரணம். இருவரும் இன்ஸ்பெக்டரிடம் கையை நீட்டிப் பிளேக் ஊசி போட்டுக்கொண்டோம்.

அன்று கோபியில் தங்கிவிட்டு மறுநாள் காலை வேறொரு பஸ்ஸில் கிளம்பினோம். எட்டு மைல் தள்ளி எங்களை இறக்கிவிட்ட டிரைவர், நாங்கள் காலைத் தரையில் வைக்குமுன் வண்டியை எடுத்துவிட்டார். ஊருக்குள் நுழைந்தோம். அப்படி ஓர் ஊரை நான் பார்த்ததில்லை. எல்லா வீடும் பூட்டு. உள்ளே வெயில் விழட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்திருந்தார்கள். நடுப்பகலில் வீடுகளுக்குள் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது, ஆள் இல்லை. நாய்கூட இல்லை. கோயில் வாசலில் வேப்பிலை காய்ந்திருந்தது. டோலன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தடுமாறுகிறாரா, நான் தடுமாறுகிறேனா என்று தெரியவில்லை.

ஊரைத் தாண்டியதும் அறுத்த சோளக்காட்டில் சோளத்தட்டை வேய்ந்த குடிசைகள் வரிசையாக நின்றன. அங்கேதான் சனம் இருந்தது. ஒரு குடிசையிலிருந்து, படத்தில் பார்த்த ஒல்லிக் கிழவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்து, அந்த ஊர்க்காரர் போலவே, "வாங்க அம்மணி, சித்த உக்காருங்க" என்றார். டோலனைப் பார்த்து ஆங்கிலத்தில், "வராதே என்று எழுதினேனே" என்றார். இருவரும் கை குலுக்கவில்லை. ரீவ்ஸின் விரல்கள் எல்லாம் கோணல். கையுறை இல்லாமல் பந்து பிடித்த காலத்தில் முறிந்தவையாம்.

டோலன் நின்றுகொண்டே கேட்டார். "லூயி எப்போது செத்தான்?"

"ஆறு வருஷத்துக்கு முன்னால்" என்றார் ரீவ்ஸ்.

டோலனுக்குப் புரியவில்லை. ரீவ்ஸ் சொன்னார். லூயிக்கு வந்தது வெயில் காய்ச்சல். மஞ்சள் காய்ச்சல் அவனுக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருந்தது; ஒரு தரம் வந்தவனுக்கு மறுபடி வராது. மஞ்சள் காய்ச்சல் கண்டது ரீவ்ஸுக்கு. அந்தக் கொட்டகையில் பதினொரு நாள் தண்ணீர் கொடுத்துப் பிழைக்கவைத்தவன் லூயி. பிறகு இருவரும் பக்கத்து ஊரில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் போனார்கள். ரீவ்ஸ் மருத்துவத்துக்கு வந்தது அங்கிருந்துதான். லூயி கல்யாணம் செய்தான், ரொட்டிக்கடை வைத்தான், பேரன் பேத்தி கண்டான்.

"அவன் என்னைப் பற்றி..."

"உன்னைத் திட்டினான், முதல் வருஷம். அப்புறம் மறந்துவிட்டான். அவனுக்கு வேலை இருந்தது." ரீவ்ஸ் போகத் திரும்பினார். "ஐம்பது வருஷம், டோலன். ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம்."

டோலன் சோளத்தாளின் மீது அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. முகத்தில் நிம்மதியும் வரவில்லை. ரீவ்ஸ் அடுத்த குடிசைக்கு ஊசி போடப் போய்விட்டார்.

எங்களுக்குச் சோறு போட்டது ராமாத்தாள் என்ற பெண்மணி. நாற்பது வயதிருக்கும். பத்து நாளைக்கு முன்னால்தான் அவள் கணவர் பிளேக்கில் போயிருந்தார். கம்மஞ்சோற்றை உருட்டி மோரில் போட்டு, கொள்ளுப் பருப்பைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தாள். "சோறு உங்கறீங்களா, இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். துக்க வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தை விட அந்தப் பாத்திரத்தின் மேல்தான் பயம். அதைச் சொல்லாமல் சாப்பிட்டேன். ஊசி போட்ட கை கனத்தது.

மறுநாள் விடிந்தபோது எனக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. அக்குளில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு.

ரீவ்ஸ் வந்து பார்த்தார். "ஊசியாலும் இப்படி வருமுங்க" என்றார். "அதுவாகவும் இருக்கலாம் அல்லவா?" என்று கேட்டேன். தாதியிடம் பொய் சொல்ல அவருக்கு மனமில்லை. "நாளைக்குத் தெரிஞ்சு போயிருமுங்க" என்றார்.

கோபிக்குத் திரும்புகிற பஸ் ஒன்பது மணிக்கு வந்தது. அங்கே ஆஸ்பத்திரி உண்டு. ராமாத்தாள் என்னைத் தாங்கிப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிவந்தாள். டிரைவர் என் முகத்தைப் பார்த்ததுமே கையை ஆட்டினார். "காச்சக்காரங்கள ஏத்தமுடியாதுங்க. உள்ள குழந்தை குட்டியெல்லாம் இருக்குது. கோவிச்சுக்காதீங்க அம்மணி." அவர் சொன்னதில் தப்பில்லை. நான் டிரைவராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரீவ்ஸ் டோலனிடம், "நீ போ. உன் இருதயத்துக்கு என்னிடம் மருந்து கிடையாது" என்றார்.

டோலன் என்னைப் பார்த்தார். ஒரு காலை வண்டியின் படியில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது.

புழுதி அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது வந்த பயத்தை எப்படிச் சொல்ல? என் ஊருக்கும் எனக்கும் நடுவே ஒரு கடல். என் பெயர் தெரிந்த ஆள்கூட அங்கே இல்லை. செத்தால் எங்கே புதைப்பார்கள் என்று யோசித்தேன். பிளேக் பிணத்தை ஆழமாகத் தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்கள் என்பது தெரியும். அம்மாவுக்கு யார் எழுதுவார்கள் என்று யோசித்தேன். ராமாத்தாள் என்னைக் குடிசைக்குள் படுக்கவைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.

"என் பக்கத்தில் இருக்காதீர்கள், உங்களுக்கும் வந்துவிடும்" என்றேன்.

"என்ற ஊட்டுக்காரரு பக்கத்துலயே தானுங்க நானும் கெடந்தேன். எனக்கு வல்லீங்களே. கம்முனு படுங்க" என்றாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் வெளியே ஆட்கள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். ரோட்டில் டோலன் நடந்து வந்துகொண்டிருந்தார். தொப்பி இல்லை. பத்து அடிக்கு ஒரு தரம் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறுபடி நடந்தார். உதடு கறுத்துப்போயிருந்தது. காய்ச்சலை மறந்து எழுந்து ஓடினேன். பெட்டியிலிருந்த சொட்டு மருந்தைக் கொடுத்து, ராமாத்தாளும் நானுமாகச் சாய்த்து உட்காரவைத்தோம். நாடி பிடிக்கவே கிடைக்கவில்லை. என்னுடைய சாவை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தவள், ஒரு மணி நேரம் அவருடைய சாவுக்காக நடுங்கினேன்.

பேச முடிந்ததும் அவர் சொன்னது இதுதான்: "இறங்குவதற்கு மூன்று மைல் ஆகிவிட்டது, சிஸ்டர். மன்னியுங்கள்."

நான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ரீவ்ஸ் வந்து பார்த்தார். தன் போர்வையைக் கொண்டுவந்து அவர் மேல் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் காய்ச்சல் நூற்றுமூன்றுக்கு ஏறியது. மூன்றாம் நாள் காலையில் வேர்த்துக் கொட்டி இறங்கியது. கட்டி கரைந்தது. ஊசிதான். ரீவ்ஸ் முதல்முறையாகச் சிரித்தார். அந்த இரண்டு நாளும் இரண்டு கிழவர்களும் பக்கத்துக் குடிசை வாசலில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. பெரும்பாலும் எந்த ஆட்டத்தில் யார் பந்தைத் தவறவிட்டார்கள் என்ற சண்டை. இதற்கிடையில் கடைசிக் குடிசையில் ஒரு நெசவாளி செத்தார். சண்டை நின்றது. டோலனும் எழுந்துபோய்ச் சுண்ணாம்புக் கூடைக்கு ஒரு பக்கம் கைகொடுத்தாராம். ராமாத்தாள் வந்து சொன்னாள்.

விடைபெறும்போது ராமாத்தாளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "போயிட்டு வாரேன்னு சொல்லுங்க அம்மணி, அது போதும்" என்றாள். சொன்னேன்.

கப்பலேறும் துறைக்கு வந்தபோது வழக்கமான மருத்துவச் சோதனை. பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அக்கரையில் என் நாடு. அதிகாரி என்னிடம்தான் கேட்டார்: "நோய் உள்ள ஊர் எதற்காவது போயிருந்தீர்களா?"

ஆமாம் என்றால் நோய்த்தடுப்பு முகாமில் அடைப்பார்கள். முகாமில் யாருக்கு என்ன நோய் இருக்குமோ. என் காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே. கோயமுத்தூர் டவுனோடு சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினாறு வருஷத் தாதி நான். அந்தப் பொய்யை நான்தான் சொல்ல இருந்தேன்.

கேள்வி தமிழில் இருந்தாலும் என் முகத்தைப் பார்த்தே டோலனுக்கு அது புரிந்துவிட்டது. "போயிருந்தோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பிளேக் கிராமத்தில் ஐந்து நாள் இருந்தோம். இவருக்குக் காய்ச்சல் வந்தது. பிணத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். அவ்வளவு நீளப் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. சேவகன் எட்ட நின்று கையால் வழி காட்டினான். நான் எழுந்து, பழக்கத்தினால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். வேகமாகத்தான் அடித்தது, ஆனால் தாளம் தப்பவில்லை. விரலை எடுக்காமலே அவரை முகாமின் வாசலுக்குள் நடத்திக் கொண்டுபோனேன்.